பஸ் பிள்ளைகள்

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஷாயிஸ்தா தையல் கடை வைத்திருந்தாள். பிளவுஸ், சுடிதார், முகூர்த்த மாதங்களில் ஆரி வேலை. கணவன் உஸ்மான் ஏசி மெக்கானிக். வெயில் ஏற ஏற அவன் வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போகும். ஒரே மகள் சோயா. ஐந்தாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்தவளை, கொரோனா ஓய்ந்த வருடம், சமாளிக்க முடியாமல் பக்கத்திலிருந்த அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். அதை வெளியில் சொல்லிக்கொள்ள ஷாயிஸ்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. பம்மலில் இருந்த நாத்தனார் அக்தர் பேகத்திடம் "ஸ்கூல் மாத்திட்டோம் அக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பள்ளியில் அவள் போன முதல் பெற்றோர் கூட்டமே விபரீதமாகப் போயிற்று. அது புரட்டாசி மாதம். தாம்பரத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருந்த குமரேசன் எழுந்து நின்றார். அவர் மகளும் சோயா வகுப்புதான்.

"சார், எங்க வீட்டுல இந்த மாசம் முட்டைகூடத் தொட மாட்டோம். என் பொண்ணு ஸ்கூல்ல சிக்கன் சாப்பிட்டுட்டு வர்றா. எங்கேர்ந்துடின்னு கேட்டா, சோயா டப்பாவுலேர்ந்துங்கறா. நான் யாரையும் குறை சொல்லல. அவங்களை மட்டும் லஞ்ச் டைம்ல கொஞ்சம் தள்ளி உக்கார வெச்சுட்டா எல்லாருக்கும் நல்லது."

கூட்டத்தில் புர்கா போட்டிருந்தவள் ஷாயிஸ்தா ஒருத்திதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் தட்சிணாமூர்த்தி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஷாயிஸ்தாவுக்குத் தெரிந்தது. நாக்கு எழவில்லை. காது மடல் மட்டும் சுட்டது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. நீல நிற யூனிஃபார்ம் புடவையில், வேலையிலிருந்து நேராக வந்த ஒரு பெண்.

"சார், ஒரு டவுட்டு. அந்தப் பாப்பா உங்க பொண்ணு கைய இஸ்து வாயில ஊட்டி வுட்டுச்சா?"

"இல்ல... இவளேதான் எடுத்து..."

"அப்ப துன்ன புள்ளய வுட்டுட்டு, டப்பா கொண்டாந்த புள்ளய இன்னாத்துக்கு சார் தள்ளி குந்த வெக்கணும்? எம்பொண்ணும் அந்த டப்பாவுலதான் துன்னுது. துன்னுட்டு வூட்டுக்கு வந்து என் கொழம்ப கொற சொல்லுது. மெய்யாலுமே பேஜாரு எனக்குத்தான். நானே கம்ப்ளைன்ட் குடுக்கல."

கூட்டம் சிரித்தது. குமரேசனும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் எழுந்து வந்து ஷாயிஸ்தா பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். "எம்பேரு செல்வமேரி. எம்பொண்ணு அபிகாயில். உங்க பொண்ணோட ஒரே பெஞ்சு" என்றாள்.

செல்வமேரி பெரும்பாக்கத்தில் இருந்தாள். சிட்டிக்குள் ஆற்றோரமாக இருந்த அவர்களுடைய குடிசைகளை எடுத்துவிட்டு அங்கே அடுக்குமாடி வீடு கொடுத்திருந்தார்கள். சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியிருந்தது. வீட்டுப் பக்கத்திலேயே பள்ளி இருக்க, மகளை ஏன் இவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்புகிறாள் என்று ஷாயிஸ்தா ஒருமுறை கேட்டாள்.

"பெரும்பாக்கம்னு சொன்னாலே மூஞ்ச சுளிக்கிறாங்க யக்கா. எங்களயெல்லாம் ஒரே எடத்துல கொட்டிட்டு, எங்க புள்ளைங்களயும் ஒரே எடத்துல அடச்சு வெச்சா எப்டி? எம்பொண்ணு நாலு பேரோட கலந்து படிக்கட்டும். அவளப் பத்தி அவுங்களும் தெரிஞ்சுக்கட்டும், அவுங்களப் பத்தி அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

வேலை சீக்கிரம் முடியும் நாட்களில் செல்வமேரி கேம்ப் ரோடுவரை வந்து, மகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தையல் கடைக்கு வருவாள். சும்மா இருக்க மாட்டாள். பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கம்பெனிக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். பெண்கள் இரண்டு பேரும் காலை வழிபாட்டில் சேர்ந்து பாடுவார்கள். அபிகாயிலுக்குக் கணீரென்ற குரல். சோயா அவள் நிழலில் பாடுகிறவள். ரம்ஜானுக்கு அம்மாவும் மகளும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். கிறிஸ்துமஸுக்கு செல்வமேரி கூப்பிடுவாள். "இந்த வருஷம் கண்டிப்பா வரேன் மேரி" என்பாள் ஷாயிஸ்தா. அந்தச் சமயம் பார்த்து ஏதாவது அவசர ஆர்டர் வந்துவிடும். ஒரு புடவையோ சுடிதார் துணியோ சோயாவிடம் கொடுத்தனுப்பி, அதோடு அந்த வருடம் முடியும்.

பெண்கள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. தலைவியாக ஒரு அம்மா வேண்டும். ஷாயிஸ்தாவை நிற்க வைத்ததும், பெற்றோர் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசியதும் செல்வமேரிதான். "பாயம்மா பொறுமைசாலி. நாலு எய்த்து படிச்சவங்க. நம்ம புள்ளைங்கள வுட்டுக் குடுக்க மாட்டாங்க" என்று குமரேசனிடமே போய்ச் சொன்னாள். அவரும் ஓட்டுப் போட்டார். செல்வமேரியும் குமரேசனும் உறுப்பினர் ஆனார்கள்.

ஷாயிஸ்தாவுக்கு அது புது வாழ்வாக இருந்தது. பள்ளிக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் எழுந்து நின்றார். ஆசிரியர்கள் "மேடம்" என்றார்கள். கழிவறைக்குக் கதவு போட வைத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்வரும் பையன்களைத் தாமதமாக வந்ததாகப் பதிவு செய்யக் கூடாது என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். அன்று காது சுட உட்கார்ந்திருந்த அதே கூடத்தில் இப்போது நடுநாற்காலி அவளுடையது. அக்தர் பேகத்திடம் பள்ளியின் பெயரைச் சொல்லவும் கூச்சம் போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய சமயம் பக்ரீத் வந்தது. அக்தர் பேகம் குடும்பத்தோடு பம்மலிலிருந்து வந்திருந்தாள். கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கையில், அத்தை மகளோடு ஏதோ வழக்கடித்த சோயா, "இன்னாத்துக்கு இப்போ சீன் போட்டுக்கினு கீற?" என்று கேட்டாள்.

அக்தர் பேகம் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடியே, என்ன பேச்சுடி இது? ஷாயிஸ்தா, உன் பொண்ணு சேலையூர்ல வளர்றாளா, பெரும்பாக்கத்துல வளர்றாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷாயிஸ்தாவும் சிரித்தாள். பிறகு சமையலறையில் மகளைத் தனியே பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அப்படிப் பேசினே, வாயிலயே போடுவேன்."

"ஏம்மா? அபி அப்படித்தானே பேசுவா. மேரி ஆன்ட்டியும் அப்படித்தானே பேசறாங்க. நீ சிரிச்சுக்கிட்டே கேப்பியே."

"அவங்க பேசட்டும். நீ பேசாதே."

சோயா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். காலையிலேயே செல்வமேரி போன் செய்தாள். "யக்கா, இன்னிக்கு வர முடியாது. லீவு கேட்டா சூப்ரவைசரு மொறைப்பான். நீதான் கீறியே, எனக்கு இன்னா கவல. நீ பாத்துக்க."

கூட்டத்தில் வழக்கமான பேச்செல்லாம் முடிந்த பிறகு தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒன்பதாவதுல ஸ்ட்ரென்த் அதிகமாயிடுச்சு. ஒரு சி செக்ஷன் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பெரும்பாக்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்க, பஸ் லேட்டானா முதல் பீரியடுக்கு நடுவுல வந்து நுழையறாங்க. மத்தவங்க கவனம் போகுது. இந்த பஸ் பிள்ளைங்களை ஒரே செக்ஷனாப் போட்டுட்டா அவங்களுக்குத் தனி கவனம் குடுக்கலாம். இது பிரிக்கிறது இல்ல. வசதி. வெளிப்படையாவே சொல்றேன், கேம்ப் ரோடு பக்கத்துல நாலஞ்சு பேரன்ட்ஸ் டி.சி. கேட்டு வந்தாங்க. பிள்ளைங்க பேச்சு, பழக்கம் எல்லாம் மாறுதுன்னு அவங்களுக்கு வருத்தம்."

பிறகு குமரேசன்தான் கேட்டார்.

"செம்பாக்கத்துல இருந்து, அகரம்தென்ல இருந்து வர்றதுங்களும் பஸ்லதானே சார் வருது?"

"அவங்க டைமுக்கு வந்துடறாங்க."

"என்னவோ சார். செல்வமேரி அம்மா வேற இன்னைக்கு வரல. அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாமா?" குமரேசன் ஷாயிஸ்தா பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே, பக்ரீத்தன்று வீட்டுக் கூடத்தில் கேட்ட அந்தச் சிரிப்பும் வந்தது. சோயா பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று போகப்போகிறவள். கொஞ்ச நாள் தனித்தனி வகுப்பில் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? தலைமை ஆசிரியரே பழி வராதபடி ஒரு காரணத்தைச் சொல்லிக் கையில் கொடுத்திருக்கிறார்.

"சார் யோசிச்சுத்தான் சொல்றாங்க" என்றாள். "பிள்ளைங்க நல்லதுக்குத்தானே. பண்ணலாம்."

முதலில் தூக்கிய கை அவளுடையது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்கினார்கள். குமரேசன் கடைசியாகத் தூக்கினார்.

அன்று மாலை செல்வமேரிக்கு அவளே போன் செய்தாள். தட்சிணாமூர்த்தி சொன்ன வார்த்தைகளையே வரிசை மாறாமல் சொன்னாள். தனி கவனம். வசதி. பிரிக்கிறது இல்லை. எதிர்முனையில் பஸ் சத்தம் கேட்டது.

"அப்டியா யக்கா" என்றாள் செல்வமேரி. "சரி."

கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் ஷாயிஸ்தாவும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். 'சரி' என்று சொன்னவளிடம் என்ன பேசுவது?

சி பிரிவுக்குப் பழைய கட்டடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள். கணக்கு ஆசிரியர் ஏ, பி பிரிவுகளை முடித்துவிட்டு நேரம் இருந்தால் அங்கே போவார். ஒரு மாதத்துக்குள் பள்ளியில் அந்த வகுப்புக்குப் பெயர் 'பஸ் செக்ஷன்' என்று ஆகிவிட்டது. ஏதாவது காணாமல் போனால் முதலில் அங்கேதான் தேடினார்கள். காலை வழிபாட்டில் பாடும் குழு ஏ பிரிவிலிருந்து எடுக்கப்பட்டது. அபிகாயில் இல்லாமல் பாட முடியாது என்று சோயா விலகிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முதல் சில வாரங்கள் தொட்டிக்குப் பின்னால் போய்வந்தாள். பிறகு மணி அடித்தும் வரவில்லை என்று ஆசிரியை திட்டியதால் அதுவும் நின்றது.

செல்வமேரி கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வாசலில் நின்றே பேசினாள். ஷிஃப்ட் மாறிவிட்டது என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று ஷாயிஸ்தா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த கையோடு பள்ளியில் ஒற்றுமை விழா ஏற்பாடாயிற்று. கல்வித் துறையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். மூன்று பிள்ளைகள் மூன்று மதத்தின் உடையில் மேடை ஏறிக் கைகோத்து நிற்க வேண்டும். ஒருவரை ஒருவர் மதித்து வாழ்வது பற்றித் தலைவி பேச வேண்டும். தட்சிணாமூர்த்தி உற்சாகமாக இருந்தார். "நம்ம ஸ்கூலுக்கு நீங்களே ஒரு உதாரணம் மேடம்" என்றார். முஸ்லிம் பெண்ணாக சோயா, இந்துப் பெண்ணாகக் குமரேசனின் மகள், கிறிஸ்துவப் பையனாக பி பிரிவு ஜோஸ்வின்.

சோயா மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். "அபிய ஏன் எடுக்கல? எங்க எல்லார்லயும் நல்லாப் பாடத் தெரிஞ்சவ அவதான்."

"சி செக்ஷனுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சார் சொன்னாரு."

"உனக்கே அது பொய்னு தெரியும்மா."

"இந்த ஒரு தடவை எனக்காக வந்து நில்லு சோயா. நான் தலைவி. என் பொண்ணே வரலைன்னா நல்லாவா இருக்கும்?"

சோயா வந்து நின்றாள். அம்மா ராத்திரி பகலாக உட்கார்ந்து ஓரத்தில் வெள்ளை நூல் வேலை செய்த துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ஜோஸ்வின் கையையும் குமரேசன் மகள் கையையும் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரிகள் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

ஷாயிஸ்தா பேச எழுந்தாள். நன்றாகத் தயார் செய்திருந்தாள். புரட்டாசி மாதத்தில் நடந்த கதையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். பெயர்கள் இல்லாமல், சிரிப்பு வருகிற மாதிரி. "இந்தப் பள்ளிக்கு நான் வந்த புதுசுல, எனக்காக ஒருத்தங்க எழுந்து பேசினாங்க" என்று ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். ஏ பிரிவு, பி பிரிவு, சின்ன வகுப்புகள், பெற்றோர்கள். சி பிரிவுப் பிள்ளைகளை எங்கும் காணவில்லை. பந்தலுக்கு வெளியே, வெயிலில், பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விருந்தினர்களுக்கு ஜூஸ் கொடுப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அபிகாயில் தட்டை ஏந்தி மேடையேறி வந்தாள்.

அபிகாயில் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். கடையில் வந்து மெஷினில் கால் வைத்து ஓட்டிப் பார்த்து ஊசியை உடைத்துவிட்டு, "பெரிம்மா, நான் இல்ல, அதுவா ஒடஞ்சிக்கிச்சு" என்று சொன்ன பிள்ளை. இப்போது வரிசையாக விருந்தினர்களுக்குக் கொடுத்துவிட்டு, மைக் முன்னால் நின்றவளிடமும் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க மேடம்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. மேடையில் எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்திருப்பாள். ஷாயிஸ்தா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆரம்பித்த கதையைத் தொடரவில்லை. "எல்லாரும் ஒத்துமையா இருக்கணும். நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பேச்சு சுருக்கமாக, நன்றாக இருந்தது என்று அதிகாரி ஒருவர் பாராட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெரும்பாக்கம் போனாள். மேடவாக்கம் வழியாகப் போகும் அதே பஸ்ஸில். உட்கார இடம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தினமும் இப்படித்தான் நின்றுகொண்டு வருகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரே மாதிரியான கட்டடங்களுக்கு நடுவே பிளாக் நம்பரை விசாரித்து விசாரித்துப் போனாள். லிஃப்ட் ஓடவில்லை. ஏறி மேலே போனபோது செல்வமேரி நடைபாதையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அட, யக்கா! இத்தினி வருசத்துல இப்பத்தான் வயி தெரிஞ்சுதா? வா, வா."

உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். ஷாயிஸ்தாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீடு சின்னது, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இங்கேதான் தனக்கும் சேர்த்துச் சமைத்திருப்பாள் என்று ஷாயிஸ்தா நினைத்துக்கொண்டாள். அபிகாயில் எழுந்து, "வாங்க" என்றாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதவள்போல அதோடு விட்டாள். பிறகு மாவு அரைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் பாத்திரத்தோடு வெளியே போய்விட்டாள்.

"மேரி, நான் தப்புப் பண்ணிட்டேன்."

"மொதல்ல ஒக்காரு. மாடி ஏறி மூச்சு வாங்குது பாரு." டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு செல்வமேரி எதிரே தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டா யக்கா? அன்னிக்கு மீட்டிங்குல நான் ஒம்பக்கத்துல குந்திக்கினு இருந்தா நீ கைய தூக்கியிருப்பியா?"

பொய் சொல்லலாமா என்று ஷாயிஸ்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. "மாட்டேன்" என்றாள்.

"அதான். எட்மாஸ்டரு மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. ஊரே எங்கள அப்டித்தான் பாக்குது, அது பயகிப்போச்சு. ஆனா நீ கீற தைரியத்துலதான் யக்கா நான் லீவு கேக்காம வேல பாத்துக்கினு இருந்தேன். ஒன்ன நிக்க வெச்சதே அதுக்குத்தான்."

"ஏன் அப்படிப் பண்ணினேன்னு எனக்கே..." ஷாயிஸ்தா நிறுத்தினாள். ஏன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். உன் பேச்சு என் மகள் வாயில் வந்தது, அது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பேச்சிலேயே தன்னை வரவேற்று, அந்தப் பேச்சிலேயே டீ கொடுத்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? அன்று அந்தப் பேச்சுதான் எழுந்து நின்று அவள் மானத்தைக் காப்பாற்றியது. "சாரை நம்பிட்டேன்" என்றாள்.

செல்வமேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

"டி.சி. வாங்கப்போறேன் யக்கா. பத்தாவது இங்கயே படிக்கட்டும். இங்க எல்லாமே பெரும்பாக்கத்துப் புள்ளைங்கதான். தனியா பிரிச்சு வெக்க ஆளு கெடையாது."

"வேணாம் மேரி. நான் மாத்தறேன். அடுத்த கூட்டத்துல பேசறேன்."

"பேசு யக்கா. மத்த புள்ளைங்களுக்கு ஒதவும். அபி அங்க வர மாட்டேங்குது. காலைல பஸ் ஏறச்சொல்ல வவுறு வலின்னு அய்வுது. நானும் இன்னாதான் பண்றது?"

ஷாயிஸ்தா சொன்னபடி பேசினாள். தட்சிணாமூர்த்திக்கு ஆச்சரியம். "நீங்கதானே மேடம் சரின்னு சொன்னீங்க?" என்றார். ஆமாம், அது தவறு, செம்பாக்கத்துப் பிள்ளைகளும் பஸ்ஸில்தான் வருகிறார்கள், அன்று குமரேசன் சார் கேட்டதற்கு நமக்குப் பதில் இல்லை என்றாள். இந்தத் தடவை நா எழும்பியது. குமரேசன் உடனே ஆமோதித்தார். ஆண்டுத் தேர்வுவரை எதையும் தொட வேண்டாம் என்றார் தலைமை ஆசிரியர். இழுத்துப் பிடித்து, அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் பெயர் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளையும் கலந்து போட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த அறையைப் பூட்டினார்கள். அதற்குள் சி பிரிவில் பாதிப் பேருக்கு மேல் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அபிகாயில் முதலிலேயே போய்விட்டாள்.

சோயா பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். வீட்டில் இப்போது அவள் பேச்சை யாரும் கேலி செய்ய முடியாது. அச்சடித்த மாதிரி பேசுகிறாள். ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன ஷாயிஸ்தா, படியிலேயே நின்றாள். மேலே சோயா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னாடி, போனே பண்ண மாட்டேங்குற? பாட்டு கிளாஸ் போய்க்கினு கீறியா இல்லியா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! ஷாயிஸ்தா மேலே வந்ததும் குரல் தணிந்தது. "சரி, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, "துணி நான் எடுக்கறேன்மா" என்றாள்.

குழுவில் ஷாயிஸ்தாவின் காலம் முடிந்தது. மறுபடி நிற்கச் சொல்லிக் குமரேசன் வந்து கேட்டார். அவள் மறுத்துவிட்டாள். வேறு யாராவது பெரும்பாக்கத்து அம்மாவைக் கேளுங்கள் என்றாள். அவர் கேட்டிருக்கிறார். வர ஆள் இல்லை என்று பிறகு வந்து சொன்னார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் செல்வமேரி நின்றிருந்தாள். தாம்பரத்தில் ஏதோ வேலையாக வந்துவிட்டுத் திரும்புகிறாளாம். நூல் வாங்கிக்கொண்டு வந்த ஷாயிஸ்தாதான் முதலில் பார்த்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அபி பிளஸ் ஒன்னில் என்ன குரூப், சோயா என்ன குரூப், உஸ்மானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று பேசினார்கள். செல்வமேரிக்கு வேறு கம்பெனியில் வேலை, கொஞ்சம் இளைத்திருந்தாள்.

அன்று பெரும்பாக்கத்தில் சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஷாயிஸ்தா நினைத்தாள். மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததுதான். "மேரி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது.

"பக்ரீத்துக்கு வீட்டுக்கு வா மேரி. அபியக் கூட்டிட்டு வா."

"வரேன் யக்கா" என்று படியில் நின்றபடி சொன்னாள் செல்வமேரி. முகம் கொடுத்துத்தான் சொன்னாள். ஆனால் அந்த 'வரேன்' எப்படிப்பட்டது என்று ஷாயிஸ்தாவுக்குத் தெரியாதா? எத்தனை கிறிஸ்துமஸுக்கு அவளே அதைச் சொல்லியிருக்கிறாள்.